நீரிழிவு உள்ளவர்களின் விழித்திரையைப் படமெடுக்கும் முறை

நீரிழிவால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடையத் தொடங்கிய பிறகும் பார்வை நெடுநாள் தெளிவாகவே இருக்கக்கூடும் என்பதால், இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட உடனேயும், முதல் வகையாயின் ஐந்து ஆண்டுகளுக்குள்ளும் முதல் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும்.

கண்மணியை விரிக்கும் ட்ரோபிக்கமைடு போன்ற சொட்டு மருந்தை இடுவதற்கு முன், குறுகிய கோணக் கண் அழுத்த நோய் உள்ளதா என்று கேட்டறிய வேண்டும். மருந்திட்டு 20 முதல் 30 நிமிடங்களில் கண்மணி விரியும். அதன்பின் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும் என்பதால் வண்டி ஓட்டக் கூடாது என்பதை மருந்திடும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. சொட்டு மருந்து இல்லாமல் எடுப்பதானால் அறையை இருட்டாக்கிச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். முதல் ஒளி வீச்சிலேயே இரு கண்மணிகளும் சுருங்கிவிடுமாதலால், அடுத்த படத்துக்கு அவசரப்படக் கூடாது.

ஒவ்வொரு கண்ணுக்கும் 45 பாகைப் பரப்பில் இரண்டு படங்கள் எடுப்பது பரவலான வழக்கம்: ஒன்றில் மஞ்சள் புள்ளியும் (கூர்மையான பார்வைக்குரிய விழித்திரையின் மையப்பகுதி) மற்றொன்றில் பார்வை நரம்பு வட்டும் (பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடம்) நடுவில் அமைய வேண்டும். மஞ்சள் புள்ளியை நடுவில் வைத்த படத்தில் வட்டு வலப்பக்கம் இருந்தால் அது வலக்கண். பெயர்ச்சீட்டு மாறிப்போவதைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

படம் கூர்மையாக உள்ளதா என்பதைப் பெரிய குழாய்களை வைத்து முடிவு செய்யாமல், மஞ்சள் புள்ளியை ஒட்டிய மெல்லிய குழாய்களைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சுவதால், சிவப்பு நீக்கிய படத்தில் குழாய்ச் சுவரின் நுண்புடைப்புகளும் சிறு கசிவுகளும் கரும்புள்ளிகளாக எடுத்துத் தெரியும். இரு கண்களின் படங்களிலும் ஒரே இடத்தில் புள்ளி தெரிந்தால் அது பெரும்பாலும் கேமரா லென்ஸில் படிந்த தூசு. ஓரத்தில் பிறை போன்ற நிழல் விழுந்தால், கேமரா நடுவில் இல்லை அல்லது கண்மணி போதிய அளவு விரியவில்லை என்று கொள்ளலாம். படம் முழுவதும் மங்கலாக இருந்தால், நோயாளியைக் கண் இமைக்கச் சொல்லி மீண்டும் எடுக்க வேண்டும். அப்போதும் தெளியாவிட்டால் கண்புரை காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட படத்தை 'நோய் இல்லை' என்று குறிப்பது பெரும் பிழை; 'படிக்க இயலவில்லை' என்று எழுதிக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

தட்டையான ஒற்றைப் படத்தில் வீக்கத்தை அளவிட முடியாது. மஞ்சள் புள்ளி வீங்கியிருக்கும் ஐயம் எழுந்தால், விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி தேவை. அடைபட்ட நுண்குழாய்களையும் கசியும் இடங்களையும் சேர்த்துக் காட்டுவது, கையின் இரத்தக் குழாயில் (சிரையில்) சாயம் செலுத்தி எடுக்கும் ஃப்ளூரசீன் ஆஞ்சியோகிராபி. சாயம் ஏறியபின் தோலும் சிறுநீரும் சுமார் ஒரு நாள் மஞ்சளாக இருக்கும் என்பதையும், அரிதாகக் கடும் ஒவ்வாமை ஏற்படலாம் என்பதையும் ஒப்புதல் பெறும்போதே விளக்க வேண்டும்.