புது விசுவாசி கையில் முதலில் எதைக் கொடுப்பது?

மதுரைப் பக்கம் ஒருவர் புதிதாக இயேசுவை ஏற்றுக்கொண்டால், பல சபைகளில் முதல் மாதமே அவர் கைக்கு வருவது ஒரு பட்டியல்தான். பொட்டை அழி, பூ வைக்காதே, நகையைக் கழற்று, சினிமா கூடாது, தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) தவறக் கூடாது. அவரும் மறுபேச்சில்லாமல் செய்வார். ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் தான் எதையெல்லாம் விட்டேன் என்று சொல்வார். கிறிஸ்து தனக்கு என்ன செய்தார் என்று கேட்டால் திணறுவார்.

பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு மாற்கு சுவிசேஷத்தை எடுத்து அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். 16 அதிகாரம், வாரத்துக்கு ஒன்று என்றால் நான்கு மாதத்தில் முடியும். வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் தொடங்குகிறவர்கள், சட்டங்கள் நிறைந்த மூன்றாம் புத்தகமான லேவியராகமம் தாண்டுவது அபூர்வம். சபைகளில் வாசிக்கும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பின் நடை புதியவருக்கு இடறும், அதனால் பக்கத்தில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பையும் விரித்து வையுங்கள். பெண்ணோடு பெண், ஆணோடு ஆண், முக்கால் மணி நேரம், அவருக்குத் தோதான இடத்தில். வீட்டில் எதிர்ப்பு இருந்தால் அந்த வாசலுக்கே போக வேண்டாம். வேலை விட்டு வரும் வழியில் பார்க்கலாம்.

அதிகாரத்தை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்வி போதும்: இயேசு இங்கே யாரிடம் என்ன செய்கிறார்? எது புரியவில்லை? எது உறுத்துகிறது? முதலில் பேச வேண்டியவர் அவர். கூடவே நடக்க வந்தவர் இருபது நிமிஷம் பிரசங்கம் பண்ணிவிடுவதால்தான் பாதிப் படிப்பு அங்கேயே நின்றுபோகிறது.

ஜெபத்துக்கு மேடைத் தமிழ் வேண்டாம். 'அப்பா, வாடகைக்குப் பணம் இல்ல' என்றால் அதுவும் ஜெபம்தான். ஞானஸ்நானம் எடுத்த சூட்டோடு மேடையேற்றிச் சாட்சி சொல்லவைப்பது வேண்டவே வேண்டாம். கைதட்டு வாங்கியவர் அடுத்த மாதம் தடுமாறினால் வெளியே சொல்ல மாட்டார்.

ஏழாம் வாரம் நிதானமாகப் போங்கள். சீஷர்கள் கை கழுவாமல் சாப்பிடுகிறார்கள் என்று, யூத மத வழக்கங்களில் கறாரான பரிசேயர் சண்டைக்கு வரும் ஏழாம் அதிகாரம் அது. முன்னோர் வழக்கம் எது, தேவன் கேட்பது எது என்ற கேள்வியை அவரே எழுப்புவார். 'கொர்பான்' என்று சொல்லி, பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கையாக்கித் தட்டிக்கழிப்பதை இயேசு கண்டிக்கிறாரே, அங்கே காணிக்கை பற்றிப் பேசலாம். அம்மாவின் மருந்துக் காசை உண்டியலில் போடச் சொல்லி யாரும் அவரை நெருக்கக் கூடாது.

பொட்டும் பூவும் அவரும் அவர் வீட்டாரும் பார்த்துக்கொள்ளும் விஷயம். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, விசுவாசிகள் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்றபோது சக பாதிரிமாரே எதிர்த்தார்கள். 1623இல் போப் 15ஆம் கிரகோரி அனுமதி தந்தபின்தான் ஓரளவு அடங்கியது. நானூறு வருஷத்துக்குப் பிறகும் அதே சண்டை!

அழகர்கோவில் போய்வந்த அத்தை பிரசாதம் நீட்டினால்? 1 கொரிந்தியர் 8, 10 இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். சந்தையில் வாங்கியதையும் விருந்தில் வைத்ததையும் விசாரிக்காமல் சாப்பிடலாம். படைத்தது என்று சொல்லித் தந்தால் வேண்டாம் என்கிறார் பவுல். மறுக்கும் விதம் முக்கியம்: 'இல்ல அத்தை, நீங்க சாப்பிடுங்க' என்று சிரித்த முகமாகச் சொன்னால் போதும். சாமியைப் பழிக்கிற ஒரு சொல் கூடாது. அதோடு நிறுத்தாமல் அத்தை வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுவிட்டு வரட்டும்.

ஒரே ஒரு வழக்கத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை: சாதி. நொபிலியின் தாராளம் இதற்கும் இடம் கொடுத்துவிட்டது. மாற்கு முடிந்ததும் கலாத்தியர், ஆறு வாரம். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவரோடு, உண்ட பேதுரு, யாக்கோபிடமிருந்து யூத ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டதற்காகப் பவுல் அவரை எல்லார் முன்னாலும் கண்டித்தது இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை வாசிக்கும் முன் நீங்கள் அந்தப் புது விசுவாசி வீட்டில் தண்ணீர் குடித்திருக்க வேண்டும், அவர் உங்கள் வீட்டு அடுப்படி வரை வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசிப்பது வீண்.

இடையில் இரண்டு வாரம் ஆளைக் காணவில்லையா? 'ஏன் சபைக்கு வரல' என்று ஆரம்பிக்காதீர்கள். உடம்பு எப்படி, வேலை எப்படி என்று கேளுங்கள். கடன், குடி, வீட்டுச் சண்டை என்று ஏதாவது இருக்கும். அதைக் கேட்டுவிட்டு, விட்ட அதிகாரத்திலிருந்தே தொடருங்கள்.