அரிய ஆந்தையைக் காட்டுவதும் காப்பதும்: பாபி டுல்லக்கின் வழி

அரிய ஆந்தை ஒன்று கூடு வைத்திருப்பது தெரியவந்தால், செய்தியை மறைப்பதா, ஊருக்குச் சொல்வதா என்ற தயக்கம் எழும். 1967-இல் ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஷெட்லாந்தின் ஃபெட்லர் தீவில் பனி ஆந்தையின் கூட்டைக் கண்டறிந்த பாபி டுல்லக்கும் அந்த நிலையில்தான் இருந்தார். பிரிட்டனில் அதற்குமுன் அந்த ஆந்தை கூடு வைத்ததற்கு உறுதியான பதிவு இல்லை. முட்டைகளைத் திருடிச் சேர்ப்போரின் தொல்லையோ அங்கு நெடுநாளையது. ராயல் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் ஷெட்லாந்து அலுவலராக இருந்த அவரும் சங்கத்தாரும் இரவுபகலாகக் காவல் போட்டார்கள். வருவோர் தொலைவிலிருந்து பார்ப்பதற்கும் வழி செய்தார்கள். அதே வரிசையில் நீங்களும் தொடங்குங்கள்: காவல் உறுதியாகும்வரை இடத்தை வெளியில் சொல்லாதீர்கள்.

அடுத்து, பார்வையிடம் ஒன்றை மட்டும் அமைத்து, அதற்கு ஒரே பாதையை வகுத்து, வழிகாட்டியுடன் சிறு குழுக்களாக அனுப்புங்கள். எவ்வளவு தொலைவு என்பதை ஆந்தைதான் தீர்மானிக்க வேண்டும். பனி ஆந்தையில் பெண் மட்டுமே ஒரு மாதத்துக்கும் மேலாக அடைகாக்கும். ஆண் இரை கொண்டுவரும். பெண் எழுந்துவிட்டால் குளிர்காற்றில் முட்டைகள் சில்லிட்டுப்போகும், காகங்களும் கவர்ந்துவிடும். ஆகவே அது உடலை நிமிர்த்தி உங்களையே உற்றுப் பார்த்தால் (பலர் அதை நல்ல படத்துக்கான தருணமாக நினைக்கிறார்கள்) உடனே பின்வாங்குங்கள். ஒலிப்பதிவை இசைத்து அழைப்பதும், எலியை விட்டு ஈர்ப்பதும், டிரோன் பறக்கவிடுவதும் வேண்டாம். நீண்ட லென்ஸ் இல்லாதவருக்குப் படம் கிடைக்காவிட்டால், கிடைக்காமலே போகட்டும்.

கூடு காலியானதும் தடுப்புகளை எடுத்துவிடத் தோன்றும். அங்கேதான் ஆபத்து அதிகம். குஞ்சுகள் பறக்கக் கற்பதற்கு முன்பே கூட்டைவிட்டு நடந்து சிதறிவிடும், சாம்பல் நிறத் தூவியோடு கற்களிடையே அசையாமல் படுத்திருக்கும், காலடியில் இருந்தாலும் கண்ணுக்குப் படாது. கடைசிக் குஞ்சு நன்றாகப் பறக்கும்வரை அதே பாதை, அதே தொலைவு, அதே காவல் தொடர வேண்டும்.

ஃபெட்லரில் பனி ஆந்தைகள் 1975 வரை கூடு வைத்தன. ஆண் மறைந்த பிறகு பெண் ஆந்தைகள் மட்டும் பல ஆண்டுகள் தீவில் காணப்பட்டன. ஆகவே கூடு வைக்காத ஆண்டிலும் பார்வையிடத்தை அப்படியே பராமரித்து, ஆந்தை தென்படும் நாள்களைக் குறித்துவையுங்கள்.