மாநகர சபையிடம் உதவி கேட்கும் சங்கங்கள் எங்கே தவறுகின்றன?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள். சில வருடங்களுக்கு முன் அவர்களுக்கு மேசையும் கதிரையும் வாங்க மாநகர சபையிடம் உதவி கேட்டு விண்ணப்பித்தோம். அனுமதி கிடைத்தது, காசோலையும் வந்தது. வங்கியில் மட்டும் அதை வைப்பிலிட முடியவில்லை. பதிவுச் சான்றிதழில் சிங்கள உச்சரிப்பைத் தழுவி 'கொட்டஹேன' என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. வங்கிக் கணக்கிலோ 'கொட்டாஞ்சேனை' என்றே ஆங்கிலத்தில் எழுதியிருந்தோம். பெயரைத் திருத்தி வேறு காசோலை வாங்க அலைந்துகொண்டிருந்தபோதே டிசம்பர் 31 கடந்துவிட்டது. அந்த வருடத்து ஒதுக்கீடு அந்த வருடத்தோடு முடிந்தது. பிள்ளைகள் இன்னும் ஒரு வருடம் பாயில் உட்கார்ந்து படித்தார்கள்.

அதிலிருந்து கொழும்பு 13, 14, 15 பக்கத்துச் சங்கங்கள் விண்ணப்பம் அனுப்புவதற்கு முன் கொண்டுவந்து காட்டினால் உட்கார்ந்து பார்த்துக் கொடுக்கிறேன். சனசமூக நிலையம், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம், மரண உதவிச் சங்கம், முன்பள்ளிப் பெற்றோர் குழு என்று பல வகை. திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நல்ல வேலை செய்கிற சங்கங்களுடையவை. அவர்களுடைய வேலையில் குறை இல்லை. அந்த வேலையைக் கடதாசியில் காட்டுவதில்தான் குறை. அதற்கும் கீழே இன்னொரு குறை இருக்கிறது. நாம் உபகாரம் கேட்பது போலப் போகிறோம். கேட்பது பொதுப்பணம். யார் கேட்டாலும் கணக்கு காட்டித்தான் கேட்க வேண்டும், கணக்கு காட்டினால் யாரும் கேட்கலாம். இது மனதில் பதிந்துவிட்டால் கீழே சொல்லும் தவறுகளில் பாதி தானாகவே நின்றுவிடும்.

முதலில், யாரிடம் கேட்க வேண்டும் என்பது. வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபைக்குள் இருக்கிறது. அதைத் தாண்டி தெஹிவளைக்குப் போனால் அது தெஹிவளை–கல்கிசை மாநகர சபை. மட்டக்குளிப் பாலத்தைக் கடந்து வத்தளைப் பக்கம் போனால் மாவட்டமே மாறிவிடும், அது கம்பஹா. அங்கத்தவர்கள் இரு பக்கமும் இருக்கும் சங்கங்கள் தங்கள் முகவரி எந்தச் சபைக்குள் வருகிறது என்று பார்க்காமலே கடிதம் எழுதுகின்றன. மாதக்கணக்கில் பதில் வராமல் இருந்து, கடைசியில் 'இது எங்கள் எல்லைக்குள் வராது' என்று ஒரு வரி வரும்.

மாநகர சபை ஒன்றுதான் வழி என்று நினைப்பதும் தவறு. 'மாநகர சபைக் காசு', 'அரசாங்கக் காசு' என்று நாம் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் அவை வேறு வேறு பெட்டிகள். நாடாளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம் வழியாக வருகிறது. அறநெறிப் பாடசாலைக்கு இந்து சமய, கலாசார அலுவல்கள் திணைக்களம் இருக்கிறது. இளைஞர் கழகத்துக்குத் தேசிய இளைஞர் சேவைகள் மன்றம். வட்டாரத்து மைதானம், வடிகான், தெருவிளக்கு என்றால் மாநகர சபை. ஒரே கடிதத்தின் பிரதியை எல்லோருக்கும் அனுப்பினால் எல்லோரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள்.

சங்கத்தின் பதிவும் அப்படித்தான், எந்த அலுவலகம் என்று முதலில் பார்க்க வேண்டும். நகருக்குள் இரண்டு பிரதேச செயலகங்கள் உள்ளன: கொழும்பு, திம்பிரிகஸ்யாய. கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கம் முதலாவதில் வரும். வெள்ளவத்தை, கிருலப்பனைப் பக்கம் இரண்டாவதில் வரும். ஏழைகள், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்குச் சேவை செய்யும் தன்னார்வ அமைப்பு என்றால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு தேவைப்படலாம். விளையாட்டுக் கழகத்துக்கும் இளைஞர் கழகத்துக்கும் வேறு பதிவு. எந்தப் பதிவும் இல்லாமல் 'இருபது வருடமாக இயங்குகிறோம்' என்று எழுதுவது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த உண்மைக்குக் கோவையில் வைக்க ஒரு தாள் இல்லை.

கட்டட வேலைக்குக் கேட்பவர்கள் ஒரு விஷயத்தில் நிதானமாக இருக்க வேண்டும். கொழும்பில் நிலம்தான் முதல் கேள்வி. நம் தோட்டங்களில், அதாவது நகருக்குள் நெருக்கமாக உள்ள குடியிருப்புகளில், இருக்கும் பொதுக் கட்டடம் மாநகர சபை நிலத்தில் இருக்கலாம். நகர அபிவிருத்தி அதிகார சபை, தேசிய வீடமைப்பு அதிகார சபை, ரயில்வே, கால்வாய்க் கரையைப் பராமரிக்கும் நிறுவனம் என்று இவற்றில் ஏதாவது ஒன்றின் நிலமாகவும் இருக்கலாம். தலைமுறையாக நாம் பாவித்து வருகிறோம் என்பதால் அது நம் இடம் ஆகிவிடாது. நில உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கூரை மாற்றக் கேட்டால், கேட்கப்பட்ட அதிகாரி நினைத்தாலும் கையொப்பமிட முடியாது. கணக்காய்வில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இதே சிக்கல் வேறு வடிவில் வரும். பொதுவான கூடமும் மாடிப்படியும் வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. அதைக் கேட்காமல் ஒரு குழு மட்டும் விண்ணப்பித்தால் மறுநாளே எதிர்க்கடிதம் போகும்.

நிலம் தெளிவாக இல்லையென்றால், நகர்த்தக்கூடிய பொருளுக்கு விண்ணப்பியுங்கள். கதிரை, அலமாரி, ஒலிபெருக்கி, தையல் இயந்திரம். நானறிந்த பல சங்கங்கள் முதல் தடவை வென்றது இப்படித்தான்.

இனிக் கூட்டக் குறிப்புப் புத்தகம். நாம் அதைச் சடங்காக நினைக்கிறோம். விண்ணப்பம் கேட்கும் எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. நிர்வாக சபை யார் என்பதற்கு ஆதாரம் வருடாந்தப் பொதுக்கூட்டக் குறிப்பு. வங்கிக் கணக்கில் யார் கையொப்பமிடலாம் என்பதற்கு ஆதாரம் ஒரு தீர்மானம். இந்த உதவியை ஏன் கேட்கிறோம் என்பதற்கும் ஆதாரம் தீர்மானம்தான். விண்ணப்பிக்கும் வாரத்தில் ஒரே பேனையால், ஒரே கையெழுத்தில், மூன்று வருடக் கூட்டங்களை எழுதி நிரப்புவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அதோடு அது பொய். கூட்டம் நடக்காத வருடம் இருந்தால், நடக்கவில்லை என்றே விடுங்கள். இந்த மாதம் ஒரு பொதுக்கூட்டம் வைத்து, வந்தவர்களிடம் கையொப்பம் வாங்கி, புது நிர்வாகத்தைத் தெரிவு செய்து, அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு வருடம் பிந்தும். அடுத்த பத்து வருடம் நிம்மதி.

தலைவரும் செயலாளரும் பொருளாளரும் ஒரே வீட்டுக்காரராக இருப்பதும் இதோடு சேர்ந்ததுதான். நேர்மையான குடும்பமாகவே இருக்கலாம். அண்ணன் எழுதிய காசோலைக்குத் தங்கை சாட்சி என்றால் வெளியாள் எப்படி நம்புவார்? மூவரில் இருவர் கையொப்பம் என்று கணக்கைத் திறந்து, அந்த மூவரும் வேறு வேறு வீட்டவராக இருக்கும்படி பாருங்கள். தனியாள் பெயரில் உள்ள கணக்கில் சங்கக் காசைப் போட்டு வைத்திருந்தால் விண்ணப்பம் பற்றி யோசிக்கவே வேண்டாம், முதலில் அதை மாற்றுங்கள்.

பெயர் விஷயத்தை மறுபடியும் சொல்கிறேன். தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில் சங்கத்தின் பெயர் எப்படி எழுதப்படும் என்று ஒரு தீர்மானம் போட்டு, யாப்பின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். முகத்துவாரமா மோதரையா, புதுக்கடையா அளுத்கடையா என்பதை அங்கேயே முடித்துவிடுங்கள். முத்திரை, கடிதத்தலைப்பு, வங்கிக் கணக்கு, பதிவு எல்லாவற்றிலும் ஒரு எழுத்துக்கூட மாறக்கூடாது.

அடுத்தது, மாநகர சபை உறுப்பினரின் சிபாரிசுக் கடிதத்தை மட்டும் நம்புவது. வட்டாரத்து உறுப்பினரைச் சந்திப்பதில் தப்பில்லை, அவரைத் தெரிவு செய்ததே அதற்குத்தான். ஆனால் 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6இல்தான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை, அதிகாரிகள்தான் சபையை நடத்தினார்கள். ஒரே உறுப்பினரின் கையில் எல்லாவற்றையும் கொடுத்திருந்த சங்கங்கள் அந்தக் காலத்தில் யாரிடம் போவதென்று தெரியாமல் நின்றன. தங்கள் விண்ணப்பத்தின் பிரதிகூடச் சிலரிடம் இருக்கவில்லை. உறுப்பினர் வாங்கித் தந்தார் என்று அவருடைய படத்தோடு பதாகை கட்டுவதும் பின்னால் வினையாகும். ஆட்கள் மாறியதும் நம் சங்கம் ஒரு கட்சியின் சங்கமாகப் பார்க்கப்படும். தேர்தல் அறிவித்துவிட்டால் அரச வளங்களைப் பகிர்ந்தளிப்பதற்குத் தேர்தல்கள் ஆணைக்குழுவின் கட்டுப்பாடும் வந்துவிடும்.

கடிதத்தை அலுவலகத்தில் நேரே கொடுத்தால், உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால். 'கொடுத்தோம், வாங்கி வைத்தார்' என்பது எங்கும் செல்லாது.

தமிழில் எழுதினால் பார்க்கமாட்டார்கள் என்று பயந்து, யாரிடமோ கொடுத்துச் சிங்களத்தில் எழுதுவித்து, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே தலைவர் கையொப்பமிட்ட விண்ணப்பங்களும் என்னிடம் வந்திருக்கின்றன. ஒன்றில் கேட்ட தொகையே தவறாக இருந்தது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் தமிழில் எழுதவும் பதில் பெறவும் நமக்கு உரிமை தருகிறது. ஆகவே மூலக் கடிதம் உங்களுக்கு விளங்கும் மொழியில் இருக்கட்டும். அதோடு ஒரு பக்கச் சிங்களச் சுருக்கத்தையும் இணையுங்கள், சரிபார்க்க இன்னொருவரிடம் காட்டுங்கள். கோவையைக் கையாளும் எழுதுவினைஞர் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, வேலை நகரும். உரிமையையும் விடவில்லை.

சரி, என்ன கேட்பது? 'எமது பிரதேச மக்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்த உதவுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்' என்று தொடங்கி அப்படியே முடியும் கடிதங்கள் ஏராளம். எத்தனை பேர், என்ன பொருள், எவ்வளவு, எங்கே வைப்பது, யார் பராமரிப்பது என்று ஒன்றும் இருக்காது. தொகையையும் கண்மதிப்பாகப் போடுகிறார்கள். குறைத்துத்தான் தருவார்கள் என்று இரட்டிப்பாக எழுதுவது நல்ல தந்திரம் என்று சிலர் நினைக்கிறார்கள். சந்தை விலை தெரிந்த அதிகாரி அதைப் பார்த்தால் மற்ற எல்லா வரியையும் சந்தேகப்படுவார்.

மூன்று கடைகளில் விலைமனு எடுங்கள். உண்மையான மூன்று கடைகள். ஒரே கடைக்காரர் மூன்று தலைப்பில் அடித்துத் தருவது வேண்டாம், நிர்வாக சபை அங்கத்தவரின் மச்சானுடைய கடையும் வேண்டாம். வற் வரி சேர்ந்த விலையா என்று கேட்டு எழுதுங்கள். 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். 200,000 ரூபா என்று விண்ணப்பித்துவிட்டுக் கடைக்குப் போனால் 236,000 கேட்பார்கள். அந்த 36,000 ரூபாவுக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? விலைமனு எத்தனை நாள் செல்லும் என்பதையும் பாருங்கள். விண்ணப்பம் நகர மாதங்கள் ஆகும், விலை நமக்காகக் காத்திருக்காது.

நம் பங்கை எழுத மறப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. ஞாயிற்றுக்கிழமை சிரமதானத்தில் இருபது பேர் நிற்கிறார்கள், ஒரு அக்கா வருடக்கணக்கில் சம்பளமில்லாமல் முன்பள்ளி நடத்துகிறார், பக்கத்துக் கோயில் மண்டபத்தை இலவசமாகத் தருகிறது. இவையெல்லாம் பெறுமதி. எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம் என்று கணக்கிட்டு எழுதுங்கள். சபையின் பணத்தோடு சேர்ந்து நம் உழைப்பும் இந்தத் திட்டத்தில் போகிறது என்பதைப் பார்ப்பவர் அறிய வேண்டும். 1970களின் இறுதியிலேயே கொழும்பின் தோட்டங்களில் யுனிசெப் ஆதரவுடன் சமூக அபிவிருத்திச் சபைகள் தொடங்கப்பட்டன. பொதுக் குழாயையும் பொதுக் கழிவறையையும் அங்கிருக்கும் மக்களே பொறுப்பேற்றுப் பார்ப்பது இந்த நகருக்குப் புதிதல்ல.

காலத்தைப் பற்றி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சபையின் கணக்கு வருடம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அடுத்த வருடத்து வரவு செலவுத் திட்டம் வருடக் கடைசியில் சபைக்கு வரும். அதற்கான யோசனைகள் அதற்கு முன்பே சேர்க்கப்படும். நம் ஆட்கள் நவம்பரில் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அப்போது இந்த வருடத்துப் பணமும் முடிந்திருக்கும், அடுத்த வருடத்துத் திட்டமும் எழுதப்பட்டிருக்கும். ஆடி மாதத்துக்குள் கடிதம் உள்ளே போனால் நல்லது.

பணம் வந்த பிறகு நடக்கும் தவறுகள் குறைவாகப் பேசப்படுகின்றன, சேதம் அவற்றில்தான் அதிகம். அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன் பொருளை வாங்கிவிட்டு, பழைய திகதிப் பற்றுச்சீட்டைக் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். கதிரைக்கு வந்த பணத்தில் மின்விசிறி வாங்குவதும் கூடாது, மிக அவசியமாக இருந்தாலும் சரி. முதலில் எழுதிக் கேளுங்கள். ஒரே கதிரைக்கு இரண்டு இடத்தில் பணம் எடுத்தால், அது தற்செயலாக நடந்திருந்தாலும், திருட்டு என்றுதான் பெயர் வரும். வேறெங்கும் விண்ணப்பித்திருந்தால் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். வாங்கிய பொருளுக்கு இலக்கம் எழுதிப் பொருட்பதிவேட்டில் ஏற்றுங்கள். நிர்வாகம் மாறும்போது புதியவர்கள் எண்ணிப் பார்த்துக் கையொப்பமிட்டு வாங்கட்டும். வேலை தொடங்குமுன் ஒரு படம் எடுங்கள். முடிந்த பிறகு எடுக்க எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, முன்பு எப்படி இருந்தது என்பதற்குத்தான் படம் இருப்பதில்லை. முடிவறிக்கை கொடுக்காத சங்கம் அடுத்த முறை விண்ணப்பித்தால், பழைய கோவையைத்தான் முதலில் எடுப்பார்கள்.

மறுத்துவிட்டால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி சபைகளுக்கும் பொருந்தும். எந்த அடிப்படையில் தெரிவு நடந்தது, நமது விண்ணப்பம் எந்தக் காரணத்தால் விடுபட்டது என்று தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். சண்டை பிடிக்கும் தொனியில் எழுத வேண்டாம். வந்த பதிலைக் கூட்டத்தில் வாசித்து, கூட்டக் குறிப்பில் ஏற்றி, எந்தத் தாள் குறைவென்று சொல்லியிருக்கிறார்களோ அந்தத் தாளை எடுக்கும் பொறுப்பை அன்றைக்கே ஒருவரிடம் திகதி போட்டுக் கொடுங்கள்.