கார்க் ஸ்க்ரூ வாங்கறப்போ கைப்பிடியை விடுங்க, கம்பியைப் பாருங்க

வைன் பாட்டில் கார்க்கைப் பிடுங்கி எடுக்கற கார்க் ஸ்க்ரூவை ஆன்லைன்ல தேடிப் பாருங்க, தலை சுத்தும். பேட்டரியில ஓடறது, காஸ் அடிக்கறது, ரெண்டு கையைத் தூக்கி நிக்கறது, மரக் கைப்பிடி, மாட்டுக்கொம்புக் கைப்பிடி, கிஃப்ட் பாக்ஸோட வர்றதுன்னு போயிட்டே இருக்கும். வாங்கறவங்க முக்கால்வாசிப் பேர் கைப்பிடியையும் பாக்ஸையும் பார்த்துதான் வாங்கறாங்க. ஆனா கார்க்குக்குள்ள இறங்கி வேலை பார்க்கறது அந்தச் சின்னக் கம்பிச் சுருள் மட்டும்தான், மத்ததெல்லாம் அதைப் பிடிச்சு இழுக்கறதுக்கு இருக்கற துணைச் சாமான், அவ்ளோதான்.

அதுக்கு முன்னாடியே ஒரு தவறு நடக்குது. உங்க வீட்டுக்கு வர்ற பாட்டிலுக்குக் கார்க் ஸ்க்ரூ வேணுமான்னே பார்க்காம வாங்கிடறது. நாசிக் பக்கத்து சூலா வைன் பாட்டில் நிறைய ஸ்க்ரூ மூடிதான், கையால திருகினா வந்துடும். ஆஸ்திரேலியாவுல கிளேர் வேலியில ரீஸ்லிங்னு ஒரு வெள்ளை வைன் போடறவங்க 2000ல சேர்ந்து பேசி ஸ்க்ரூ மூடிக்கு மாறினாங்க, நியூசிலாந்துக்காரங்களும் பின்னாடியே போயிட்டாங்க, இன்னிக்கு அந்த ரெண்டு நாட்டு வைன்ல கார்க்கைத் தேடித்தான் பார்க்கணும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் பாட்டில் வாங்கறவங்களுக்குத்தான் இது நிஜமாவே தேவைப்படும். இன்னொண்ணு, ஷாம்பெய்ன் மாதிரி நுரை வர்ற பாட்டில்ல கார்க் ஸ்க்ரூவைக் கொண்டு போகவே கூடாது. உள்ள அஞ்சாறு அட்மாஸ்ஃபியர் பிரஷர் இருக்கு, கார் டயர்ல இருக்கறதை விட ரெண்டு மடங்குக்கும் மேல. கம்பி வலையைத் தளர்த்தி, கார்க்கைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு பாட்டிலை மெதுவாத் திருப்பணும், அதோட வேலை முடிஞ்சுது.

சரி, கார்க் பாட்டில்தான்னு வெச்சுக்கோங்க. சாதாரண கார்க் 24 மில்லிமீட்டர் அகலம், பாட்டில் கழுத்தோட உள்பக்கம் பதினெட்டரை மில்லிமீட்டர் சுமார். அந்தக் கார்க்கை நசுக்கி உள்ள சொருகியிருக்காங்க, அது விரியப் பார்த்துக்கிட்டே கண்ணாடியை இறுக்கிப் பிடிச்சிருக்கு, அதை நேரா வெளிய இழுக்க சுமார் 20லேர்ந்து 40 கிலோ தூக்கற பலம் வேணும். லீவரே இல்லாத வெறும் டி வடிவ கார்க் ஸ்க்ரூவை விலை குறைச்சல்னு வாங்கறது அதனாலதான் தப்பு. பாட்டிலைத் தொடைக்கு நடுவுல வெச்சு முக்கி முக்கி இழுத்து, கடைசியில டக்குன்னு வந்து சட்டையெல்லாம் ரெட் வைன். சுவிஸ் ராணுவ ஆபீசர் கத்தியில 1897லேர்ந்தே கார்க் ஸ்க்ரூ இருக்கு, பிக்னிக்குக்கு அது பரவாயில்லை, வீட்டுக்கு வேண்டாம்.

இப்போ அந்தக் கம்பி. இதுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு நடுவுல வெத்திடம் இருக்கற சுருள், மேலேர்ந்து பார்த்தா ஓட்டை தெரியும், ஒரு தீக்குச்சியை நடுவுல சொருகினா போகணும். இன்னொண்ணு நடுவுல கெட்டியா ஒரு தண்டு, அதைச் சுத்தி மரை வெட்டியிருக்கும், மரத்துல அடிக்கற ஸ்க்ரூ மாதிரி. இந்த ரெண்டாவதுதான் வில்லன். அது கார்க்கைத் தள்ளிக்கிட்டு, நடுவுல குடைஞ்சு தூளாக்கிக்கிட்டு இறங்கும், புதுக் கார்க்னா எப்படியோ தாங்கும், கொஞ்சம் காஞ்ச பழைய கார்க்னா நீங்க இழுக்கறப்போ ஓட்டையை மட்டும் விட்டுட்டு கம்பி தனியா வந்துடும். சுருள் அப்படி இல்ல, கார்க்கை அதிகம் கிழிக்காம வளைஞ்சு வளைஞ்சு உள்ள போய் நிறைய இடத்துல பிடிச்சுக்கும். கடையில வாங்கறதா இருந்தா தீக்குச்சி டெஸ்ட் பண்ணிப் பாருங்க, கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துட்டுப் போகட்டும்.

நீளமும் முக்கியம். கார்க் 38 மில்லிமீட்டர்லேர்ந்து 54 வரைக்கும் வருது, வருஷக்கணக்குல வெச்சுப் பழசாக்க வேண்டிய வைனுக்கு நீளக் கார்க் போடுவாங்க. மூணு நாலு சுத்து இருக்கற குட்டைச் சுருள் பாதிக் கார்க்கைத்தான் பிடிக்கும், மீதிப் பாதி கழுத்துக்குள்ளேயே உக்காந்துக்கும். அஞ்சு முழுச் சுத்தாவது இருக்கணும். நுனி ஊசியா இருக்கணும், அதுவும் நுனி நடு அச்சுக்கு வளைஞ்சு வராம, சுருளோட வட்டத்துலயே முடியணும். கறுப்பா வழவழன்னு டெஃப்லான் பூச்சு இருந்தா இன்னும் சுலபமா இறங்கும். அமெரிக்காவுல ஹூஸ்டன்ல எண்ணெய்க் கிணத்துச் சாமான் டிசைன் பண்ணிட்டிருந்த ஹெர்பர்ட் ஆலன்னு ஒரு என்ஜினியர் 1970கள் கடைசியில ஸ்க்ரூபுல்னு ஒண்ணு கொண்டு வந்தார், நீளமான, பூச்சு போட்ட சுருள், அதோட மகிமையே அந்தச் சுருள்தான்.

திருகினா ரெண்டு பக்கமும் கை மேல எழும்பி, அதை அமுக்கினா கார்க் வெளிய வர்ற ரெண்டு கை மாடல் பல வீட்டு டிராயர்ல தூங்குது. 1880கள்லயே இங்கிலாந்துல இந்த ஐடியாவுக்குப் பேட்டன்ட் எடுத்திருக்காங்க, அமெரிக்காவுல 1930ல ரோசாட்டின்னு ஒருத்தர் எடுத்தார். ஐடியாவுல தப்பே இல்ல. ஆனா மலிவா விக்கறதுல பெரும்பாலும் அந்தக் கெட்டித் தண்டு கம்பிதான் இருக்கும், கொஞ்ச நாள்ல கையோட பல்லு தேஞ்சு ஆட ஆரம்பிக்கும். சுருள் கம்பியோட கிடைச்சா தாராளமா வாங்குங்க.

என் ஓட்டு ஹோட்டல் சர்வர்கள் பாக்கெட்ல வெச்சிருக்கற மடக்குக் கத்தி மாதிரியான வெயிட்டர்ஸ் ஃப்ரெண்டுக்குத்தான். கார்ல் வீங்கேன்னு ஒரு ஜெர்மன்காரர் 1882ல பேட்டன்ட் எடுத்தது, இன்னிக்கு வரைக்கும் பெருசா மாறல. மாறினது ஒண்ணே ஒண்ணு, லீவர்ல ரெண்டாவது படி. பழைய ஒத்தைப் படி மாடல்ல கார்க் பாதி வந்ததும் இழுவை சாய்வாயிடும், கார்க் வளைஞ்சு உடையும். ரெண்டு படி இருந்தா முதல் படியை பாட்டில் விளிம்புல வெச்சு பாதி தூக்கி, அப்புறம் ரெண்டாவது படிக்கு மாத்தி மீதியைத் தூக்கலாம், இழுவை கிட்டத்தட்ட நேராவே இருக்கும். பார்சிலோனாவோட புல்டாப்ஸ் இதுல பேர் வாங்கினது, அதே மாதிரி செய்யறவங்க இப்போ நிறைய. கையில எடுத்து லீவரை ஆட்டிப் பாருங்க, பக்கவாட்டுல லொடலொடன்னு ஆடினா வெச்சுட்டு வந்துடுங்க. பாட்டில் வாயைச் சுத்தியிருக்கற ஃபாயிலை வெட்டற குட்டிக் கத்தி ரம்பப் பல்லோட இருந்தா நல்லது. அந்தக் கத்தி இருக்கறதால விமானத்துல கைப்பையில போடாதீங்க, செக்யூரிட்டியில பிடுங்கிடுவாங்க.

லாயோல்னு பேர் பொறிச்சு, தேனீ சின்னம் வெச்சு, அழகான பெட்டியில வர்றதைப் பார்த்து மயங்கறது இன்னொரு தவறு. லாயோல் பிரான்ஸ்ல ஒரு ஊர், ஒரே கம்பெனியோட பேர் கிடையாது. அங்கேயே செய்யறதும் இருக்கு, தியேர் ஊர்ல செய்யறதும் இருக்கு, எங்கேயோ அச்சடிச்ச மாதிரி செஞ்சு அந்தப் பேரை மட்டும் போடறதும் இருக்கு. தேனீயைப் பார்த்து காசு குடுக்காம யார் செஞ்சதுன்னு பார்த்துக் குடுங்க.

எலெக்ட்ரிக்? கையில மூட்டுவலி இருக்கறவங்களுக்கு அது நிஜமாவே வரம், அதுல கிண்டல் பண்ண ஒண்ணுமில்ல. மத்தவங்களுக்கு, சார்ஜ் இல்லாத நாள் பார்த்துத்தான் விருந்தாளி வருவாங்க. ஊசி குத்தி காஸ் அடிச்சுக் கார்க்கைத் தள்ளற ஐட்டத்தை மட்டும் நான் தொடமாட்டேன், கண்ணாடியில கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தா அந்தப் பிரஷர் எங்க போகும்னு யோசிச்சுப் பாருங்க. செருப்புக்குள்ள பாட்டிலை வெச்சு சுவத்துல அடிக்கற வீடியோவும் அதே கதைதான்.

நல்லதா வாங்கிட்டு தப்பா யூஸ் பண்றவங்களும் உண்டு. நுனியைக் கார்க்கோட நட்ட நடுவுல குத்தினா சுருள் ஒரு பக்கமா ஒதுங்கி கண்ணாடியை உரசும், நடுவுலேர்ந்து கொஞ்சம் தள்ளிக் குத்தினாத்தான் சுருள் நடுவுல இறங்கும். கடைசி ஒரு சுத்து வெளிய தெரியறப்போ நிறுத்திப் பாருங்க, கார்க் நீளமா இருந்து அசையலன்னா இன்னும் அரைச் சுத்து போகலாம். ஃபாயிலை விளிம்புக்குக் கீழ வெட்டுங்க. மெழுகு போட்ட பாட்டில்னா செதுக்கிக்கிட்டு உக்காராதீங்க, மெழுகு மேலயே குத்தி இறக்கி, கார்க் கொஞ்சம் மேல வந்ததும் தூளைத் துடைச்சுட்டு மீதியை இழுங்க.

இருபது முப்பது வருஷப் பாட்டில் வெச்சிருக்கறவங்களுக்கு சுருளே இல்லாம ரெண்டு தகடு மட்டும் இருக்கற ஆ-ஸோன்னு ஒரு சாமான் தனியா வேணும், கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஆட்டி ஆட்டி இறக்கி, திருகிக்கிட்டே தூக்கணும். அந்த மாதிரி பாட்டில் இல்லாதவங்க அதை வாங்க வேண்டாம், தளர்ந்த கார்க்கை அது உள்ள தள்ளிடவும் செய்யும்.

என்ன செஞ்சும் கார்க் உடைஞ்சா, மீதியில சுருளைக் கொஞ்சம் சாய்வா இறக்கி மெதுவா இழுத்துப் பாருங்க. வரலன்னா உள்ள தள்ளிட்டு டீ வடிகட்டியில வடிச்சு ஜக்ல ஊத்திடுங்க. தூள் மிதக்கறதால வைன் கெட்டுப் போச்சுன்னு நிறைய பேர் கொட்டிடறாங்க. கார்க்கால வைன் கெடறதுங்கறது டிசிஏன்னு ஒரு ரசாயனத்தால வர்றது, நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை அடிக்கும், அதுக்கும் இந்தத் தூளுக்கும் சம்பந்தமே இல்ல.