‘ஒண்ணும் இல்லப்பா, நீங்க பாத்துட்டு வாங்க’

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் வழக்கமாகப் போடும் திட்டம் ஒன்று உண்டு. லாஸ் வேகாஸில் இறங்கி வாடகைக் கார் எடுப்பது. யூட்டா, அரிசோனா மாநிலங்களில் இருக்கும் சயான், ப்ரைஸ் கேன்யன் தேசியப் பூங்காக்கள், பேஜ் என்ற ஊர், கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா என்று ஒரு வட்டம் அடித்து ஐந்தாம் நாள் திரும்புவது. நானும் அதைத்தான் போட்டேன். மூன்றாம் நாள் காலை, ப்ரைஸ் கேன்யன் பக்கத்து விடுதியில், அம்மா எழவில்லை. தலைவலி, குமட்டல், காபி வேண்டாம் என்றார். அம்மா காபி வேண்டாம் என்று சொல்லி நான் அதுவரை கேட்டதே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "ஒண்ணும் இல்லப்பா, நீங்க பாத்துட்டு வாங்க" என்றார். நாங்களும் பார்க்கப் போனோம்.

முதல் தவறு அந்த வாக்கியத்தை நம்பியதுதான். பிள்ளை லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, ரூம் போட்டிருக்கிறான், நம்மால் கெட வேண்டாம் என்று நினைக்கிற தலைமுறை அது. "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்ல" என்றுதான் வரும். அதனால் கேள்வியை மாற்ற வேண்டும். ராத்திரி தூங்கினீங்களா? கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க? என்ன நிறத்துல போச்சு? காலை மாத்திரை போட்டாச்சா? இதற்கெல்லாம் "பரவாயில்ல" என்று பதில் சொல்ல முடியாது. மதியம் திரும்பி வந்து நான் இப்படிக் கேட்டபோதுதான் தெரிந்தது, அம்மா முந்தின நாள் காலையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர்கூட முழுதாகக் குடிக்கவில்லை. பிரஷருக்கான நீர் மாத்திரையையும் இரண்டு நாளாக அவராகவே நிறுத்தியிருந்தார். காரணம் எளிது. வழியில் கழிவறை எங்கே இருக்கும் என்று தெரியாது, அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சம்.

இது அம்மாவுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. பயணம் என்றாலே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் நம் வீடுகளில் நிறைய. ஊரில் பஸ் பயணத்துக்குப் பழகிய உடம்பும் மனசும் அது. ஆனால் யூட்டா, அரிசோனா காற்று வேறு மாதிரி. அவ்வளவு வறட்சி. வியர்வை தோலில் தங்காமல் அப்படியே உலர்ந்து போய்விடும். சென்னையில் சட்டை நனைந்தால் தண்ணீர் குடிக்கத் தோன்றும். இங்கே சட்டை நனைவதே இல்லை, உதடு வெடித்த பிறகுதான் தெரியும். ஆகவே வண்டி கிளம்பும்போதே, "ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவேன், யாரும் கேட்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். கேட்க வேண்டியதில்லை என்று தெரிந்தாலே தண்ணீர் உள்ளே போகும். அதற்காக வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றுவதும் சரியில்லை, உடம்பில் உப்பு குறைந்து அது வேறு ஆபத்தில் முடியும். கொஞ்சம் உப்புக் கடலை, ஊறுகாயோடு இரண்டு வாய் சோறு, இல்லையென்றால் ஊரிலிருந்து கொண்டுவந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட் போதும். நீர் மாத்திரை எடுப்பவர்கள், இதயம் அல்லது சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம், மாத்திரையை எப்படி வைத்துக்கொள்வது என்பதைக் கிளம்பும் முன்பே தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பாதி வழியில் தானாக நிறுத்துவதைவிட மோசமான வழி கிடையாது.

அடுத்தது உயரம். இதில்தான் நான் முழுசாக ஏமாந்தேன். கேன்யன் என்றால் பள்ளம். பள்ளத்தைப் பார்க்கப் போகிறவன் உயரத்தைப் பற்றி யோசிப்பானா? ஆனால் நாம் நிற்பது பள்ளத்தின் விளிம்பில், அந்த விளிம்போ மலைமேல். கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு ஏறத்தாழ 7000 அடி, அதாவது நம் கொடைக்கானல் உயரம். ப்ரைஸில் பார்வையிடங்கள் 8000 அடியில் தொடங்குகின்றன. சாலை முடியும் இடத்தில் இருக்கும் ரெயின்போ பாயின்ட் 9115 அடி. ஊட்டியின் தொட்டபெட்டாவே 8650 அடிதான். கொடைக்கானல் போகும்போது கொண்டை ஊசி வளைவுகள் வரும், காது அடைக்கும், குளிரும். மலை ஏறுகிறோம் என்று உடம்புக்கும் மனசுக்கும் புரியும். இங்கே நீளமான, நேரான நெடுஞ்சாலை உங்களைச் சத்தமில்லாமல் மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். லாஸ் வேகாஸ் 2000 அடி. சயான் பள்ளத்தாக்கின் தரை 4000 அடி. அங்கிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டினால் 8000 அடி.

உயரத்தால் வரும் உடல்நலக் குறைவு பெரும்பாலும் 8000 அடிக்கு மேல் இரவு தூங்குபவர்களுக்கு வரும். போய்ச் சேர்ந்தவுடன் தெரியாது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் தலைவலியாக ஆரம்பிக்கும். கூடவே பசியின்மை, குமட்டல், கிறுகிறுப்பு, தூக்கம் கெடுதல். அம்மாவுக்கு இருந்தது அச்சு அசலாக இதுவேதான். நாங்களோ "நேத்து சாப்பிட்ட பீட்சா ஒத்துக்கல" என்று முடிவு கட்டி ஒரு செரிமான மாத்திரை கொடுத்தோம். இதற்கு முதல் மருந்து மேலே ஏறாமல் இருப்பது. குறையவில்லை என்றால் கீழே இறங்குவது. நான் என்ன செய்தேன்? அன்று மதியமே, "கார்லயே உக்காந்து பாக்கலாம்மா" என்று ரெயின்போ பாயின்ட் வரை கூட்டிக்கொண்டு போனேன். உடம்பு சரியில்லாதவரை இன்னும் ஆயிரம் அடி மேலே ஏற்றிய அந்த அறிவாளித்தனத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

இன்னொரு முறை போட்டால் நான் ப்ரைஸில் இரவு தங்க மாட்டேன். ஒன்றரை மணி நேர தூரத்தில் கனாப் என்ற சிற்றூர் இருக்கிறது, 5000 அடிக்குச் சற்றுக் கீழே. அங்கே தூங்கிவிட்டு ப்ரைஸைப் பகலில் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். அன்று சாயங்காலமே அம்மாவை அங்கேதான் கூட்டிப்போனோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு, "காபிக்கு ஏதாவது வழி இருக்கா" என்று அம்மாவே கேட்டார்.

சரி, எல்லாவற்றையும் உயரத்தின் தலையில் போடுவதும் தவறு. நம் வீடுகளில் இதைவிடப் பெரிய ஆபத்து ‘வாயு’. நெஞ்சு அழுத்துகிறதா, வாயு. தோள்பட்டை இழுக்கிறதா, வாயு. உடனே இஞ்சி, சோடா, ஒரு ஓமெப்ரசோல். அறுபது வயதைத் தாண்டியவருக்கு, சர்க்கரையோ பிரஷரோ இருப்பவருக்கு, மெல்லிய காற்றில் நடக்கும்போது நெஞ்சில் பாரம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, திடீர் வியர்வை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, பேச்சு குழறுவது, நடையில் தள்ளாட்டம் இவற்றில் எது வந்தாலும் அது வாயுவா இல்லையா என்று காரில் பட்டிமன்றம் நடத்த வேண்டாம். அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்துவிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சு வலியே இல்லாமல்கூட மாரடைப்பு வரலாம்.

இந்த இடங்களில் செல்போன் சிக்னல் பல மைல்களுக்கு இருக்காது. பூங்காவுக்குள் கண்ணில் படும் ரேஞ்சரிடம் (பூங்காக் காவலரிடம்) சொல்வதுதான் பல நேரம் வேகமான வழி. பெரிய மருத்துவமனை பக்கத்தில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். கிராண்ட் கேன்யன் தென்விளிம்பிலிருந்து ஃப்ளாக்ஸ்டாஃப் நகரம் ஏறத்தாழ 80 மைல். ஒவ்வொரு இரவும் தங்கும் ஊரில் அர்ஜென்ட் கேர் (உயிராபத்து இல்லாத உபாதைகளை உடனே பார்க்கும் சிறு மருத்துவ நிலையம்) எங்கே, எத்தனை மணிவரை திறந்திருக்கும், அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனை எங்கே என்று முன்கூட்டியே பார்த்து, வரைபடத்தை போனில் இறக்கி வைத்துக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காதுவலி போன்றவற்றுக்கு அர்ஜென்ட் கேர் போதும், செலவும் குறைவு. நெஞ்சு, மூச்சு, சுயநினைவு என்றால் நேராக அவசரப் பிரிவு. பணத்துக்குப் பயந்து தயங்குபவர்களுக்கு ஒன்று: 1986இல் வந்த சட்டப்படி, காப்பீடு இருக்கிறதோ இல்லையோ, அவசரப் பிரிவுக்கு வந்தவரைப் பரிசோதித்து ஆபத்திலிருந்து மீட்டாக வேண்டும். பில் பிறகு வரும், அது வேறு கதை. பெற்றோருக்கு எடுக்கும் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு முழுப் பாதுகாப்பு இருக்காது. அந்தப் பகுதியை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே படித்துவிட வேண்டும்.

மாத்திரை நேரத்தில் ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. கோடையில் யூட்டாவைவிட அரிசோனா ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும், ஏனென்றால் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் அமெரிக்க வழக்கம் அரிசோனாவில் இல்லை. ஆனால் அதே அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ பழங்குடியினரின் பகுதி மாற்றுகிறது. பேஜிலிருந்து கிராண்ட் கேன்யன் போகும் வழியில் போன் ஒரு மணி நேரம் முன்னே போய், மறுபடி பின்னே வரும். இன்சுலின் போடுபவர் வீட்டில் இருந்தால் போன் கடிகாரத்தை நம்பாதீர்கள். கையில் ஒரு சாதாரண வாட்ச்சைக் கட்டி, ஒரே நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினைக் காரில் விட்டுவிட்டு இறங்கவும் கூடாது.

மனிதர்களையும்தான். "நீங்க கார்லயே இருங்க, பத்து நிமிஷத்துல வந்துடறோம்" என்பது நாம் அக்கறையாக நினைத்துச் செய்யும் தவறு. வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் கிட்டத்தட்ட 10 டிகிரி செல்சியஸ் கூடும். சாவியும் நம் பையில் இருக்கும், அப்பாவுக்கு அந்த வண்டியில் கண்ணாடியை எப்படி இறக்குவது என்றும் தெரியாது. பேஜ் பக்கத்தில், கீழே ஆறு லாடம் போல வளைவதை விளிம்பில் நின்று பார்க்கும் ஹார்ஸ்ஷூ பெண்டில் இது நிறைய நடக்கும். வண்டி நிறுத்தத்திலிருந்து போய்வர ஒன்றரை மைல், நிழல் மிகக் குறைவு. பத்து நிமிடத்தில் யாரும் திரும்புவதில்லை. அந்த விளிம்பில் கம்பி வேலி ஒரு பகுதிக்குத்தான் இருக்கிறது. கீழே ஏறத்தாழ 1000 அடி. தலை சுற்றுகிறது என்று காலையில் சொன்னவரை அங்கே போட்டோவுக்கு நிற்க வைக்காதீர்கள். நாங்கள் அந்த இடத்தையே விட்டுவிட்டோம்.

ஓட்டுபவருக்கு உடம்பு சரியில்லை என்றால் யாரும் கண்டுகொள்வதில்லை. மூக்கொழுகலுக்கும் வாந்திக்கும் போடும் மாத்திரைகள் பல தூக்கத்தை வரவழைக்கும். அவோமின் போட்டவர் பின்சீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம். ஸ்டியரிங் பிடிப்பவர் போடக் கூடாது. வாந்தி வருகிறவர்களும் அதைக் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு விழுங்கினால் அது வயிற்றில் தங்காது. வளைவுகளில் முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்ப்பதே பாதி மருந்து. போனில் அதுவரை எடுத்த படங்களைப் பார்ப்பதுதான் பாதி நோய்.

சாப்பாட்டைப் பற்றி இரண்டே வரி. டிக்கியில் நாள் முழுக்க வெந்த தயிர்சாதத்தைச் சாயங்காலம் எடுத்துச் சாப்பிடாதீர்கள். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது.

கிராண்ட் கேன்யனில் ‘கொஞ்ச தூரம்’ இறங்கிப் பார்ப்பது இன்னொன்று. மலையில் ஏறிக் களைத்தால் திரும்பும் வழி இறக்கம். இங்கே தலைகீழ். தெம்பு இருக்கும்போது இறங்குவோம், தீர்ந்த பிறகு ஏற வேண்டும். இறங்கியதைப்போல இரண்டு மடங்கு நேரம் ஏறுவதற்கு ஒதுக்கச் சொல்கிறார்கள். கீழே போகப் போக வெயிலும் கூடும். நேற்றுவரை காய்ச்சலில் கிடந்தவருக்கு இது வேண்டாம்.

அப்படியானால் உடம்பு சரியில்லாதவர் எதைத்தான் பார்ப்பது? நிறைய இருக்கிறது. இந்தப் பூங்காக்களின் நுழைவுச்சீட்டு 7 நாள் செல்லும். இன்று ரூமில் படுத்திருந்தாலும் நாளை வரலாம். சயானில் ஷட்டில் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பள்ளத்தாக்கின் கடைசிவரை போய்வரலாம். ப்ரைஸில் சன்ரைஸ் பாயின்ட்டுக்கும் சன்செட் பாயின்ட்டுக்கும் நடுவில் அரை மைல் தார்ப்பாதை, பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. தேர்கள் நிறைய நிறுத்தி வைத்தது போல அந்தக் கல் தூண்கள் முழுசும் அங்கிருந்தே தெரியும். ஆண்டில் 180 நாளைப் போல இரவில் தண்ணீர் உறைந்து பகலில் உருகுவதால் உடைந்து உடைந்து உருவான தூண்கள் அவை. அவ்வளவு உயரம் என்பதால் கோடையிலும் விடியற்காலையில் குளிர் வெடவெடக்கும். காய்ச்சல்காரரைச் சூரிய உதயத்துக்கு எழுப்பாதீர்கள். மறையும்போது பார்த்தாலும் அதே தூண்கள்தான்.

கிராண்ட் கேன்யனில் எங்களுக்குக் கைகொடுத்தது டெசர்ட் வியூ. தென்விளிம்பின் கிழக்கு முனை, பேஜிலிருந்து வரும்போது முதலில் வருவது. வண்டியை நிறுத்திச் சில நிமிடம் மெதுவாக நடந்தால் போதும், கீழே கொலராடோ ஆறே தெரியும். திட்டத்தில் இருந்த ஏழு பார்வையிடங்களில் நாங்கள் பார்த்தது இது ஒன்றைத்தான். வண்டியை விட்டு இறங்கியதும் அம்மா முதலில் தேடியது கழிவறையை, பக்கத்திலேயே இருந்தது. அதை உறுதிப்படுத்திக்கொண்டு, விளிம்புச் சுவர் ஓரமாக உட்கார்ந்து, ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தார். இரண்டு மணி நேரத்தில் மூன்று முறை போய்வந்தார்.