பெங்களூரில் வெயில்கால ராக் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு

சென்னை வெயிலையே பார்த்தவர்கள் நாம், பெங்களூரு வெயில் என்ன செய்துவிடும் என்று வெறுந்தலையோடு போகிறவர்கள்தான் மதியம் மூன்று மணிக்குத் திறந்தவெளியில் நின்று, பெரிய பேண்ட் மேடையேறும் நேரத்தில் தலைவலியோடு ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். தொப்பி கட்டாயம். ஏப்ரல், மே என்றால் சாயங்காலம் இடிமழையும் கொட்டலாம். குடையைப் பெரும்பாலும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் மடித்து வைக்கிற மெல்லிய மழைக்கோட்டு போதும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பக்கத்தில் குதிப்பவர் உங்கள் கால்விரலைப் பார்த்துக் குதிக்க மாட்டார்.

எங்கே நிற்பது? முன்வரிசையில் இடிபட ஆசை என்றால் சரி. பாட்டைக் கேட்க வேண்டும் என்றால், சவுண்ட் இன்ஜினியர் மிக்ஸரோடு உட்கார்ந்திருக்கும் கூடாரத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் தன் காதுக்குச் சரியாக வரும்படிதான் எல்லாவற்றையும் கூட்டிக் குறைப்பார், பேஸ், டிரம்ஸ், குரல் எல்லாம் அங்கே தனித்தனியாகக் கேட்கும். ஸ்பீக்கரை ஒட்டி நிற்பது வீரமில்லை. 100 டெசிபல் சத்தத்தைப் பாதுகாப்பில்லாமல் 15 நிமிடத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷின் (NIOSH) கணக்கு, ஆகவே இயர்பிளக் வாங்குங்கள்.

கூட்டத்தில் நெட்வொர்க் படுத்துவிடும். டிக்கெட்டை முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், பிரிந்துபோனால் சந்திக்க ஓர் இடமும் பேசிவையுங்கள். அப்புறம் வீடு திரும்புவது. தும்கூர் சாலைப் பக்கம் மைதானம் என்றால் பச்சை வழித்தட மெட்ரோ 2024 நவம்பரிலிருந்து மாதாவரா வரை ஓடுகிறது. கடைசி ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள், வாசலில் ஆட்டோக்காரர் கேட்கிற தொகை டிக்கெட் விலையோடு போட்டி போடும்.