பழைய பிக்கப்பில் ஃபோர்வீல் விழாதபோது

தாளவாடிப் பக்கம் தோட்டத்துக்குப் போய்வரும் என் பழைய பிக்கப்பில் ஃபோர்வீல் போட, அதாவது நான்கு சக்கரமும் இழுக்க வைக்க, கியர்க் கம்பி மாதிரித் தனிக் கம்பி கிடையாது; டேஷ்போர்டுக் குமிழைத் திருப்பினால் ஃபோர்வீல் விழ வேண்டும். மழையில் செம்மண் தடத்தில் மாட்டிய அன்று விழவில்லை. டேஷ்போர்டில் ஃபோர்வீல் விளக்கு மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது.

சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓட்டாமல் குமிழைத் திருப்பினால் டிரான்ஸ்ஃபர் கேஸில் (எஞ்சின் இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில்) இருக்கும் சின்ன மோட்டார் 'விர்'ரென்று கேட்க வேண்டும். சத்தமே இல்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது, மோட்டாருக்கு மின்சாரத்தைத் திருப்பிவிடும் ரிலே சுவிட்சும் டக்கென்று அடித்தது. ஒரு பட்டறையில் மோட்டாரோடு முழு செட்டையும் மாற்றச் சொன்னார்கள். கோபி எலக்ட்ரீசியன் தம்பியோ, "இருங்கண்ணா, மொதல்ல எர்த்தப் பாத்துப்போடலாம்" என்றார்.

அதுதான் சரி. இந்த மோட்டார் இரண்டு பக்கமும் சுற்ற வேண்டும் என்பதால் அதன் எர்த்தும் ரிலே வழியாகத்தான் போகிறது. குமிழைத் திருப்பியபடி அந்த எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டர் வைத்தோம். அரை வோல்ட்கூட வரக்கூடாத இடத்தில் 4 வோல்ட்! அந்த வயரைப் பூட்டியிருந்த சேஸிஸ் போல்ட்டில் துருவும் சேறும். தேய்த்து முறுக்கினோம். மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லும் பொசிஷன் சென்சாரின் பிளக்கில் பச்சை பூத்திருந்தது, அதையும் ஸ்ப்ரே அடித்துத் துடைத்தோம். மோட்டார் விழித்துக்கொண்டது.

சோதனையை மண் தரையில் செய்யுங்கள். முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத இந்த மாதிரி வண்டியில், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் காய்ந்த தாரில் ஃபோர்வீல் போட்டு ஏறினால் பல்சக்கரம் இறுகிக்கொள்ளும். மெதுவாக, அதிக இழுவையோடு போகும் 'லோ'வுக்கு மாற்ற வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்துத்தான் திருப்ப வேண்டும்.